நீங்கள்லாம் வந்ததாலதான் எங்களுக்கு வேலை இல்லையா?

போன வாரம் நைட் டூட்டி. ரெண்டரை மணி இருக்கும், வார்டுல கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கிறது அப்பதான், என்கூட இருந்த ஸ்டூடண்ட் நர்ஸ் (மூணாவது வருஷம், இன்னும் ரெண்டு மாசத்துல கோர்ஸ் முடியப்போகுது) மருந்து ட்ராலியைத் துடைச்சுக்கிட்டே மெதுவா கேட்டா. "உங்களைத் தப்பா சொல்றதா நினைக்காதீங்க, ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கு. வெளிநாட்டுல இருந்து இத்தனை பேரை எடுத்ததாலதான் எங்க பேட்ச்சுக்கு இப்ப வேலை இல்லையா?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ஆறாம் பெட்ல பெல் அடிச்சுது, அவளும் ஓடினா நானும் ஓடினேன், அதுக்கப்புறம் விடியற வரைக்கும் உக்காரவே இல்ல. ஹேண்டோவர் முடிச்சு பஸ்ல வரும்போதுதான் அந்தக் கேள்வி திரும்ப வந்து உக்காந்துச்சு. அவ கேட்டதுல வெறுப்பு இல்ல, பயம்தான் இருந்துச்சு. இங்கிலாந்துல ஒரு அரசு ஆஸ்பத்திரியில ஏழு வருஷமா வேலை பாக்கிற தமிழ்நாட்டு நர்ஸ் நான், இந்தக் கேள்வியை வேற வேற வாயில இருந்து கேட்டிருக்கேன், ஆனா நான் கையெழுத்துப் போட்டு வளர்த்துவிடுற பொண்ணு வாயில இருந்து வந்ததும் மனசு என்னமோ ஆயிருச்சு. அதான் எழுதுறேன்.

நான் எங்க இருந்து வந்தேன்னு முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா பதில் அங்கதான் ஆரம்பிக்குது. 2015ல தமிழ்நாட்டுல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல தொகுப்பூதியத்துல சேந்தேன், மாசம் 7,700 ரூபா. பிஎஸ்சி நர்சிங் நாலு வருஷம் படிச்சவளுக்கு. ரெண்டு வருஷத்துல நிரந்தரம் ஆகும்னு சொன்னாங்க, நாலு வருஷம் ஆகியும் ஆகல. நைட்ல நான் ஒருத்தி, கூட ஒரு ஆயாம்மா, அவ்வளவுதான். லேபர் ரூம்ல ஒரு அம்மாவுக்கு தலை தெரிஞ்சுக்கிட்டு இருக்கும், வெளிய பாம்பு கடிச்சுருச்சுன்னு ஒருத்தரைத் தூக்கிட்டு வருவாங்க, 108க்கு போன் போட்டுக்கிட்டே ரெண்டு பக்கமும் ஓடுவேன். எத்தனை பிரசவம் பாத்தேன்னு கணக்கு வெச்சுக்கல, நூத்துக்கணக்குல இருக்கும். அந்த வேலையை நான் நேசிச்சேன், இத அழுத்திச் சொல்றேன், வெறுத்துட்டு ஓடி வரல. ஆனா அப்பா ஆபரேஷனுக்கு வாங்கின கடனுக்கு வட்டி கட்டவே என் சம்பளம் பத்தல.

அதாவது எங்க ஊர்ல நர்ஸ் இல்லாம இல்ல. என் பேட்ச்ல படிச்சவங்கள்ல பாதிப் பேரு அப்ப வேலை தேடிக்கிட்டு இருந்தாங்க, இல்லன்னா பிரைவேட்ல இன்னும் கம்மியான சம்பளத்துக்கு பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டு இருந்தாங்க. அதே நேரம் வார்டுல ஆள் பத்தல. போதனா மருத்துவமனையில மூணு நோயாளிக்கு ஒரு நர்ஸ்னு இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு வெச்சிருக்கு, அத எந்த வார்டுலயாவது கண்ணால பாத்தவங்க இருந்தா சொல்லுங்க. ரெண்டும் ஒரே ஊர்ல, ஒரே நேரத்துல. ஆள் இருக்காங்க, வேலை இருக்கு, நடுவுல சம்பளம் போடத்தான் யாருக்கும் மனசில்ல. பற்றாக்குறைன்னு பேப்பர்ல படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

2018ல ராத்திரி ராத்திரியா உக்காந்து ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிச்சேன். ரைட்டிங்ல 7 கேட்டுக்கிட்டிருந்த என்எம்சி (இங்க நர்ஸுங்களைப் பதிவு பண்ற கவுன்சில்) அந்த வருஷக் கடைசியிலதான் 6.5னு எறக்குனாங்க, எனக்கு ரெண்டு தடவை 6.5தான் வந்திருந்துச்சு, அந்த அரை மார்க்குக்காக எத்தனை ஆயிரம் பேரு காத்துக்கிட்டு இருந்தாங்கன்னு நினைச்சுப் பாருங்க. அப்புறம் சிபிடின்னு கம்ப்யூட்டர்ல ஒரு பரீட்சை, விசா, 2019 ஏப்ரல்ல பிளைட். இங்க வந்ததும் நேரா நர்ஸ் ஆயிட முடியாது, ஓஸ்கிங்கற செய்முறைப் பரீட்சை பாஸ் பண்ணி, பின் நம்பர்னு சொல்ற பதிவு எண் வர்ற வரைக்கும் யூனிஃபார்ம் கலரே வேற. அப்ப ஆறு ஸ்டேஷன், 2021 ஆகஸ்ட்ல இருந்து பத்தாக்கிட்டாங்க. வாடகை வீட்டுல நாலு பேரு தங்கியிருந்தோம், குளிக்கிற ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு "பேரு சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க, கையில இருக்கிற பட்டையைப் பாக்கலாமா, எந்த மருந்தாவது ஒத்துக்காதா"ன்னு இங்கிலீஷ்ல திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே கை கழுவுவோம். ஒத்துக்காத மருந்து என்னன்னு கேக்க மறந்தா மத்ததெல்லாம் சரியா பண்ணாலும் போச்சு. என்கூட வந்த மதுரைப் பொண்ணு முதல் தடவை அங்கதான் விட்டா. ஐசியூவுல ஆறு வருஷம் வென்டிலேட்டர் பாத்தவ, அன்னைக்கு ராத்திரி பூரா "அக்கா எனக்கு ஒண்ணுமே தெரியலையாக்கா"ன்னு என் மடியில படுத்து அழுதா.

பாஸ் பண்ணி பின் நம்பர் வந்தப்புறமும் ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நம்ம ஊர்ல நர்ஸும் மிட்வைஃபும் ஒரே படிப்பு, ஒரே ரிஜிஸ்ட்ரேஷன். இங்க மிட்வைஃப் தனிப் படிப்பு, தனிப் பதிவு. நூத்துக்கணக்குல பிரசவம் பாத்த கையால இங்க ஒரு பிரசவம் பாக்க முடியாது. சரி, அது சட்டம். ஆனா வென்ஃப்ளான் (நரம்புல ஏத்துற ஊசிக்குழாய்) போடவும் ஐவி மருந்து கொடுக்கவும் தனித்தனியா ட்ரெய்னிங் முடிச்சு ஒருத்தர் பாத்து கையெழுத்து போடணும், அந்த ட்ரெய்னிங்குக்கு இடம் கிடைக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசமும் வார்டுல ஐவி போட ஆள் இல்லாம பக்கத்து வார்டுல இருந்து நர்ஸைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தேன்.

அதே சமயம் எனக்குத் தெரியாததும் இருந்துச்சு, அதையும் சொல்லணும். வயசான ஒருத்தரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறது, குதிகாலைத் தூக்கிப் பாத்து தோல் சிவந்திருக்கான்னு விரலால அமுக்கிப் பாக்கிறது, அமுக்கி விட்டா வெளுத்துட்டு திரும்ப சிவக்கணும், வெளுக்காம அப்படியே சிவப்பா இருந்தா உள்ள புண்ணு ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். இதெல்லாம் எனக்கு புத்தகத்துல தெரியும், கையில தெரியாது. ஏன்னா நம்ம ஊர் ஆஸ்பத்திரியில குளிப்பாட்டுறது, ஊட்டி விடுறது, பெட் பேன் வைக்கிறது, திருப்பிப் படுக்க வைக்கிறது எல்லாம் கூட இருக்கிற அட்டெண்டர்தான், அம்மாவோ பொண்டாட்டியோ மகளோ தரையில பாய் விரிச்சுப் படுத்துக்கிட்டு செய்வாங்க. இங்க வந்துதான் எனக்கு உறைச்சுது, நம்ம ஊர் வார்டுல பாதி நர்சிங்கை சம்பளம் இல்லாம வீட்டுப் பொம்பளைங்க செஞ்சுக்கிட்டு இருக்காங்க, அதனாலதான் பற்றாக்குறை வெளிய தெரியல. இங்க அட்டெண்டர் கிடையாது, அதனால நர்ஸ் ஒருத்தர் குறைஞ்சா அன்னைக்கு நைட்டே தெரிஞ்சுரும்.

எப்படித் தெரியும்னு ஒரு நைட்டைச் சொல்றேன். 28 பெட் வார்டு, மூணு நர்ஸ் இருக்கணும், ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரியோட மாத்து ஆள் லிஸ்ட்ல (பேங்க்னு சொல்வாங்க) கேட்டாங்க, வெளி ஏஜென்சியில கேட்டாங்க, யாரும் வரல. ஆளுக்கு 14 பேரு. பத்து மணி மருந்து ரவுண்டு முடிய பன்னெண்டரை ஆச்சு. ஒரு தாத்தா பாத்ரூம் போகணும்னு பெல் அடிச்சாரு, நான் வேற ஒருத்தருக்கு மூச்சுத்திணறலுக்கு நெபுலைசர் வெச்சுக்கிட்டு இருந்தேன், வர்றேன் தாத்தா இருங்கன்னு கத்துறேன், அவரு காத்திருந்து பாத்துட்டு தானா எந்திரிச்சு விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு. காலையில அவரு மகள் வந்தாங்க, என்னைத் திட்டல, "நீங்க எத்தனை பேரு இருந்தீங்க"ன்னு மட்டும் கேட்டாங்க. நடந்ததைப் பதிவு பண்ற டேட்டிக்ஸ் ரிப்போர்ட் எழுதும்போது கை நடுங்குச்சு. அந்தக் கேள்விக்கு நான் அன்னைக்கும் சரியா பதில் சொல்லல.

பகல்ல ஒரு நர்ஸுக்கு எட்டு பேருக்கு மேல போனா ஆபத்து கூடுதுன்னு, இங்க சிகிச்சைக்கு வழிகாட்டுதல் எழுதுற நைஸ் அமைப்பு 2014லயே எழுதி வெச்சாங்க, அடுத்த வருஷமே அந்த வேலையை அவங்ககிட்ட இருந்து நிறுத்திட்டாங்க. வேல்ஸ்ல 2016லயும் ஸ்காட்லாந்துல 2019லயும் ஆள் எண்ணிக்கைக்கு சட்டம் போட்டாங்க, இங்கிலாந்துல இன்னும் இல்ல. லின்டா ஐக்கன்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவங்களும் நர்ஸ்தான், அவங்க குழு ஒம்போது ஐரோப்பிய நாட்டு ஆஸ்பத்திரிகளைப் பாத்து 2014ல லான்செட் மருத்துவ இதழ்ல எழுதினாங்க: ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடக்கூட, ஆபரேஷன் ஆனவங்க 30 நாளுக்குள்ள இறந்துபோற வாய்ப்பு 7 சதவீதம் கூடுது. ஒரு நோயாளி கூடினாலே இது. அன்னைக்கு எனக்கு எத்தனை பேரு கூடுதலா இருந்தாங்கன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இப்ப அந்தப் பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். அவளுக்கு 34 வயசு, ரெண்டு குழந்தைங்க, எச்சிஏவா (நர்ஸுக்கு உதவியாளரா) அஞ்சு வருஷம் வேலை பாத்துட்டு நர்ஸ் ஆகணும்னு படிக்க வந்தவ. நர்ஸ் ஆக மொத்தம் 4,600 மணி நேரப் படிப்பு, அதுல பாதி, 2,300 மணி நேரம் வார்டுல. அந்த 2,300 மணி நேரத்துக்கு சம்பளம் கிடையாது, நைட் உட்பட. விதிப்படி அவ வார்டு ஆள் எண்ணிக்கையில சேராதவ, கத்துக்க வந்தவ. நடைமுறையில எச்சிஏ வரலன்னா அவதான் அந்த இடத்துல ஓடுறா, அத நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன், எனக்கு வெக்கமா இருக்கும். வீக்கெண்ட்ல கேர் ஹோம்ல சம்பளத்துக்கு வேலை பாக்கிறா. போன மாசம் ரெஸ்ட் டைம்ல ஸ்டாஃப் ரூம்ல சாப்பிடாம உக்காந்திருந்தா, என்னன்னு கேட்டா பசிக்கலன்னா, அடுத்த நாளும் பசிக்கலன்னா, அப்புறம்தான் புரிஞ்சுது. இப்பல்லாம் ரெண்டு டப்பா சாப்பாடு எடுத்துட்டுப் போறேன்.

இவளுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு இப்படி இல்ல. நர்சிங் படிக்கிறவங்களுக்கு பீஸ் அரசாங்கமே கட்டும், செலவுக்கு பர்ஸரியும் கொடுக்கும். 2015 நவம்பர்ல அப்ப நிதியமைச்சரா இருந்த ஜார்ஜ் ஆஸ்போர்ன் அத இங்கிலாந்துல எடுக்கப்போறதா அறிவிச்சாரு, 2017ல சேந்தவங்கள்ல இருந்து பீஸைக் கடன் வாங்கித்தான் கட்டிப் படிக்கணும், அப்ப அது வருஷத்துக்கு 9,250 பவுண்ட். அந்த வருஷமே விண்ணப்பம் 23 சதவீதம் விழுந்துச்சு. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் பர்ஸரியை விடவே இல்ல. அப்புறம் 2020 செப்டம்பர்ல இருந்து இங்கயும் வருஷத்துக்கு 5,000 பவுண்ட் உதவித்தொகைன்னு கொடுக்க ஆரம்பிச்சாங்க, ஆனா பீஸ் கடன் அப்படியே இருக்கு.

அதே நேரத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 2013ல ஒரு ஆஸ்பத்திரியில நடந்ததை விசாரிச்ச பிரான்சிஸ் அறிக்கை வந்து, ஆள் பத்தாம நோயாளிங்க எப்படியெல்லாம் கஷ்டப்பட்டாங்கன்னு ஊருக்கே தெரிஞ்சப்புறம், ஆஸ்பத்திரிகளை நடத்துற ட்ரஸ்ட்டெல்லாம் நர்ஸ் தேடி ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போனாங்க. 2016ல இங்கிலீஷ் டெஸ்ட் ஐரோப்பாக்காரங்களுக்கும் வந்துச்சு, பிரெக்ஸிட் ஓட்டும் வந்துச்சு. 2016-17ல ஐரோப்பாவுல இருந்து புதுசா பதிஞ்சவங்க 6,382 பேரு, அடுத்த வருஷம் 805. உள்ளூர்ல படிக்கிறவங்களுக்கு காசை நிறுத்தியாச்சு, பக்கத்து நாட்டுக்காரங்க வர்றதும் நின்னாச்சு, வயசானவங்க எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுது. அப்பதான் எங்க பக்கம் திரும்பினாங்க. 2019 எலெக்ஷன்ல 50,000 நர்ஸ் கூடுதலா எடுப்போம்னு போரிஸ் ஜான்சன் வாக்குக் கொடுத்தாரு, அந்த எண்ணிக்கையை எட்ட வெச்சது பெரும்பாலும் கேரளா, தமிழ்நாடு, பிலிப்பைன்ஸ், நைஜீரியாவுல இருந்து வந்தவங்கதான்.

ஒரு நர்ஸை உருவாக்க மூணு வருஷம் ஆகும். ஏற்கனவே உருவானவளை பிளைட்ல ஏத்திட்டு வர ஆறு மாசம். அவளோட படிப்புச் செலவை எங்க அப்பாவும் எங்க மாநிலமும் கட்டியாச்சு. கணக்கு இவ்வளவுதான். இது புதுசும் இல்ல, 1948 ஜூலை 5ல என்எச்எஸ் (இங்க அரசு மருத்துவ சேவை) ஆரம்பிச்சதுல இருந்தே இப்படித்தான், அயர்லாந்துல இருந்தும் கரீபியன் தீவுகள்ல இருந்தும் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்தாங்க, அவங்கள்ல நெறைய பேரை முழு நர்ஸ் படிப்புல சேக்காம எஸ்இஎன்னு ஒரு கீழ்நிலை ரெண்டு வருஷ நர்ஸ் படிப்புல தள்ளிவிட்டாங்க, ஊருக்குத் திரும்பிப் போனா அந்தச் சான்றிதழுக்கு மதிப்பே இல்ல. எங்க வார்டுல ஒரு தடவை ஜமைக்காவுல இருந்து வந்து நாப்பது வருஷம் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆன பாட்டி பேஷண்டா இருந்தாங்க, என் பேட்ஜைப் பாத்துட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டு "உன்னை நல்லா வெச்சிருக்காங்களா கண்ணு"ன்னு கேட்டாங்க. இந்த நாட்டுல என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவங்கதான்.

விசா விஷயமும் அப்படித்தான், தேவைப்படும்போது கதவு ஒரு மாதிரி, தேவை தீந்தா வேற மாதிரி. நான் வந்தப்ப விசாவோட சேத்துக் கட்டுற ஹெல்த் சர்சார்ஜ் வருஷத்துக்கு 400 பவுண்ட், மூணு வருஷ விசாவுக்கு 1,200, நான் வேலை பாக்கிற அதே ஆஸ்பத்திரியை நான் உபயோகிக்க, சம்பளத்துல வரி பிடிச்சது போக. கோவிட்ல வியாழக்கிழமை வியாழக்கிழமை வாசல்ல நின்னு கைதட்டினாங்க, எங்க தெருவுல ஒரு சின்னப் பையன் தட்டும் கரண்டியுமா தட்டுவான், உண்மையிலேயே அழுகை வரும். 2020 மே மாசம்தான் அந்தச் சர்சார்ஜ் எங்களுக்கு வேண்டாம்னு அறிவிச்சாங்க. அப்புறம் 2024 மார்ச்ல இருந்து புதுசா வர்ற கேர் வொர்க்கருங்க குடும்பத்தைக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னாங்க, 2025 ஜூலையில வெளிநாட்டுல இருந்து கேர் வொர்க்கர் எடுக்கிறதையே நிறுத்தினாங்க. எனக்கு 5 வருஷத்துல நிரந்தரக் குடியிருப்பு கிடைச்சுது, விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2,885 பவுண்ட். அந்த 5 வருஷத்தைப் பொதுவா 10 ஆக்கணும்னு 2025 மே மாச வெள்ளை அறிக்கையில போட்டாங்க, அன்னைக்கு டீ ரூம்ல எங்க ஊர் நர்ஸ் பிள்ளைங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தத மறக்க முடியாது. யாரு எத்தனை வருஷம் எண்ணணும்னு தெரியாம வீடு வாங்குறதா வேண்டாமா, பிள்ளையை எந்த ஸ்கூல்ல சேக்கிறதுன்னு எதையும் முடிவு பண்ண முடியாம வாழுறது என்னன்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

2023 ஜூன்ல ஒரு பெரிய திட்டம் போட்டாங்க. அப்ப என்எச்எஸ்ல 1,12,000க்கு மேல காலியிடம். 2031-32க்குள்ள நர்சிங் சீட்டை ஏறக்குறைய 54,000 ஆக்குவோம், இப்ப கிட்டத்தட்ட நாலுல ஒருத்தரை வெளிநாட்டுல இருந்து எடுக்கிறோம், அதப் பதினஞ்சு வருஷத்துல ஏறக்குறைய பத்துல ஒருத்தராக் குறைப்போம்னாங்க. எனக்கு அதுல ஒரு ஆட்சேபணையும் இல்ல, எந்த நாடும் தன் பிள்ளைங்களைப் படிக்க வெச்சு வேலைக்கு எடுக்கிறதுதான் முறை. ஆனா படிச்சு முடிச்சு வர்றப்ப சம்பளம் போட பட்ஜெட் வேணும்ல? எங்க வார்டுல ரெண்டு பேண்ட் 5 (புதுசா வர்ற நர்ஸுக்கான சம்பள நிலை) காலியிடம் இருந்துச்சு, யாரையும் போடல, ஒருநாள் அந்த ரெண்டு இடத்தையும் லிஸ்ட்ல இருந்தே எடுத்துட்டாங்க. பேப்பர்ல பாத்தா பற்றாக்குறை குறைஞ்சுருச்சு. நைட்ல நாங்க அதே ரெண்டு பேருதான். 2025 ஆகஸ்ட்ல படிச்சு முடிக்கிற நர்ஸுங்களுக்கும் மிட்வைஃபுங்களுக்கும் வேலை உத்தரவாதம்னு அறிவிச்சாங்க, நல்லது, நான் அத நம்ப ஆசைப்படுறேன், ஆனா என் ஸ்டூடண்ட் போட்ட விண்ணப்பம் பதினேழு, இன்டர்வியூ ஒண்ணு.

அதனால உன் வேலையை நான் எடுக்கலம்மா. உன் வேலை எடுக்கப்படவே இல்ல, அது அங்கயேதான் காலியா கிடக்கு, தினம் ராத்திரி நாம ரெண்டு பேரும் ஓடி ஓடி அடைக்கிற இடம் அதுதான். என் ஊர்லயும் என் இடம் அப்படித்தான் கிடந்துச்சு, ஆளை வெச்சுக்கிட்டே ஆளில்லன்னு சொன்னாங்க.

ஊர்ல இருந்து இப்பவும் மெசேஜ் வருது, "அக்கா யூகே வரலாமா"ன்னு. பழைய மாதிரி இல்ல, வேலை ரொம்ப குறைஞ்சு போச்சு, ஆஃபர் லெட்டர் கையில வர்ற வரைக்கும் இருக்கிற வேலையை விடாதீங்கன்னுதான் சொல்றேன். ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு கேளுங்க: பிரிட்டன் வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சி உங்ககிட்ட வேலை வாங்கித்தர காசு வாங்கவே கூடாது, அவங்க அரசாங்க விதியே அதுதான், லட்சக்கணக்குல கேட்டா அந்த இடத்துலயே எந்திரிச்சு வந்துருங்க. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புற தமிழ்நாடு அரசு நிறுவனம் ஓஎம்சிஎல் சென்னை கிண்டியில இருக்கு, முதல்ல அங்க விசாரிங்க. காண்ட்ராக்ட்ல எத்தனை வருஷம் இருக்கணும், முன்னாடியே போனா எவ்வளவு திருப்பிக் கட்டணும்ங்கற பக்கத்தைப் படிக்காம கையெழுத்து போடாதீங்க. என்கூட வந்த ஒரு பொண்ணு அத படிக்காம விட்டுட்டு, அம்மாவுக்கு முடியலன்னு ஊருக்குத் திரும்பணும்னப்ப ஆயிரக்கணக்குல பவுண்ட் கட்டிட்டுதான் போனா.

வியாழக்கிழமை என் ஸ்டூடண்டுக்கு எங்க வார்டுல கடைசி நைட். அவளோட அசெஸ்மெண்ட்ல மருந்து கொடுக்கிற பகுதி மட்டும் இன்னும் கையெழுத்து ஆகாம இருக்கு. பத்து மணி ரவுண்டை அவளையே பண்ண விடப்போறேன், முதல் பெட்ல இருந்து கடைசி பெட் வரைக்கும், நான் ட்ராலிக்குப் பின்னாடி சும்மா நின்னு பாப்பேன். ரெண்டு டப்பாவுல எலுமிச்சம்பழ சாதம் கட்டணும், அவளுக்கு அதுதான் புடிக்கும்.